சாமந்திக் குடும்பத்து ஆள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். ஹோமியோபதி டாக்டரம்மா. அவருக்கு எதிரே நான். என் பக்கத்தில் என் மனைவி கோமளா. சுவரோரம் பெஞ்சில், முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

என் பெயர் முனுசாமி. ஊர் அடி அண்ணாமலை. ஐந்தாவது வரை படித்தேன். செங்கம் ரோட்டில் வாடகை அறைகளுக்கும் காபிக் கடைகளுக்கும் தண்ணீர் கேன் போட்டு வந்தேன். இப்போது கேன் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதே தண்ணீர் கம்பெனியில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். தலையில் என்ன தழும்பு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் தலைவலி. காலையில் ஜாஸ்தி, மத்தியானம் கம்மி. பிறகு இடது காலில் செருப்பு நிற்கவில்லை. நான் முன்னால் போய்விடுவேன், செருப்பு பின்னால் கிடக்கும். வார் தளர்ந்துவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் கழன்றது. புதுசே இப்படியா என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனாள் கோமளா.

தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருக்கும் டாக்டர் நல்ல மனிதர். பிரஷர் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எங்கனா விழுந்தீங்களா? தலையில அடி எதுனா பட்டுச்சா?"

"இல்லைங்க."

கோமளாவைப் பார்த்தார். அவளும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள். நாங்கள் பொய் சொல்லவில்லை. அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், குறையாவிட்டால் வரச் சொன்னார். குறையவில்லை. நான் போகவில்லை.

டாக்டரம்மா இருப்பது ஒரு வாடகை வீட்டின் மாடியில். கீழே காபிக் கடை. மேலே கேன் கொண்டுபோகும்போது படியில் இடது கால் தட்டியது. கேன் உருண்டு கீழே போய் உடைந்தது. படி முழுக்கத் தண்ணீர். நான் துடைக்கத் துணி கேட்டேன். அவர் துணி கொடுக்கவில்லை.

"உள்ள வந்து உக்காருங்க. ரொம்ப நாளா பாக்கறேன், காலை இழுத்துக்கிட்டு நடக்கறீங்க. வீட்டுக்காரம்மா எங்க?"

கோமளா பக்கத்துத் தெரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். போன் போனதும் ஈரக் கையோடு வந்தாள். கேன் உடைந்ததற்குத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்து, வந்ததும் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார்.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகள் மாதிரி நான் கேட்டதே இல்லை. குளிர் பிடிக்குமா, வெயில் பிடிக்குமா என்றார். புளிப்பா, இனிப்பா என்றார். கனவில் என்ன வரும் என்றார். எனக்குக் கனவு வராது. யாராவது கிட்டே வந்து தொட்டால் எப்படி இருக்கும் என்றார்.

கோமளா சொன்னாள். "புடிக்காதுங்க. தல சீவி வுடப் போனாகூட தள்ளிப் போவாரு. பௌர்ணமிக்கு மலை சுத்த எங்க ஊரே ரோட்டுல கீது, இவரு கதவ சாத்திக்குவாரு."

"ஏன்?" என்று என்னைக் கேட்டார்.

"கூட்டம். இடிப்பாங்க."

எழுதிக்கொண்டார். "உடம்புக்கு முடியலன்னா வீட்டுல சொல்வீங்களா?"

"சொல்ல இன்னா கீது?"

"சாவற அன்னிக்குகூட ஒண்ணும் இல்லம்பாரு" என்றாள் கோமளா. "கைவிரல் நசுங்கி நகம் பேந்து தொங்குது. இன்னாய்யா இதுன்னா, ஒண்ணும் இல்ல, சோறு போடுங்கறாரு."

"படுக்கை எப்படி இருக்கு?"

"கெட்டியா கீது" என்றேன்.

"பஞ்சு மெத்தைங்க" என்றாள் கோமளா. "போன தீபாவளிக்குதான் தெச்சோம். இவருக்கு மட்டும் கல்லு மாதிரி கீதாம். பொரண்டு பொரண்டு படுக்கறாரு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. தேடினது கிடைத்தவர்கள் சிரிப்பது மாதிரி.

"எங்க படிப்புல ஆளுங்கள செடிக் குடும்பத்தோட சேத்துப் பாக்கற வழி ஒண்ணு இருக்கு. நீங்க சாமந்திக் குடும்பம்."

"பூவா?" என்றாள் கோமளா. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பூதான். சாமந்தி, செண்டுமல்லி, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி. வரப்புல வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைப்பீங்களே, அந்தத் தழையும் அதேதான். பாக்கறதுக்கு ஒரு பூ. பிரிச்சுப் பாத்தா குட்டிக் குட்டியா நூறு பூ ஒரே தலையில உக்காந்திருக்கும்."

அது எனக்குத் தெரியாது. சாமந்திப் பயிர் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். பிரித்துப் பார்த்ததில்லை.

அவர் மேலே சொன்னார். அந்தக் குடும்பத்துச் செடிகளில் செய்த மருந்துகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான் என்று அவர்கள் பாடத்தில் இருக்கிறதாம். அடி. அடிபடுவது, அடி பட்டுவிடுமோ என்று பயப்படுவது, யாரும் கிட்டே வரக் கூடாது என்று ஒதுங்குவது. அதில் இரண்டு விதமாம். சீமைச் சாமந்தி என்று ஒன்று. அதற்குரிய ஆள் சின்ன வலிக்கும் வீட்டை ரெண்டாக்குவார். கேட்டதைக் கொடுத்தால் தூக்கி எறிவார். இன்னொன்று, வெளிநாட்டு மலையில் பூக்கும் ஒரு மஞ்சள் பூ. அதற்குரிய ஆள் மரத்துப்போன மாதிரி இருப்பார். உடம்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு அழுத்தமாக, எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் போங்கள் என்று டாக்டரையே அனுப்பிவிடுவார். மெத்தை கல்லாகத் தெரிவதும் அந்தப் பூவுக்குத்தானாம்.

"அப்ப கத்தறவ நானு. கல்லு இவரு" என்றாள் கோமளா. "ரெண்டு பேரும் ஒரே செடியிலதான் பூத்தோமா?"

டாக்டரம்மா இந்த முறை நன்றாகவே சிரித்தார். வெள்ளைக்கார அம்மாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

பிறகு டாக்டரம்மா யோசனையில் விழுந்தார். "எல்லாம் பொருந்துது. ஆனா அடி எங்க? வண்டியில விழுந்தீங்களா?"

"இல்ல."

"மேலருந்து எதாவது விழுந்துச்சா? யார்கிட்டயாவது கைகலப்பு?"

"இல்ல."

மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் வேறு மாதிரி கேட்டார். "சரி, நெஜமாவே கல்லு மேல கடைசியா எப்ப படுத்தீங்க?"

"படுக்கலீங்க. உருண்டேன்."

"எங்க?"

"கோயில்ல."

கோமளா விவரம் சொன்னாள். எங்கள் மகள் சத்யாவைப் போளூரில் கொடுத்திருக்கிறோம். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது நல்லபடியாகப் பிறந்தால் பெரிய கோயில் வெளிப் பிராகாரத்தில் அங்கப்பிரதட்சணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிறந்தது. பெண் குழந்தை. விடியற்காலையில் குளத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு உருண்டேன். கூடவே ஒருத்தர் நடந்து திருப்பிவிட வேண்டும். திருப்பிவிட வேண்டிய கோமளா காய்ந்த துணியை வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். ஒரு திருப்பத்தில் தூண் இருந்தது.

"டங்குனு ஒரு சத்தம்" என்றாள். "நான் திரும்பிப் பாத்தேன். நிறுத்தவே இல்லீங்க. அப்படியே உருண்டுக்குனு வந்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு."

"தலையா?"

"தலைதாங்க."

"அம்மா, இவ்ளோ நேரமா நான் அதத்தான கேட்டுக்கிட்டிருக்கேன்?"

"அது அடி இல்லீங்களே" என்றாள் கோமளா. "வேண்டுதல்."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வேண்டுதலில் படுவதை நாங்கள் அடி என்று நினைப்பதில்லை. தீ மிதித்த காலில் கொப்புளம் வந்தால் அதைத் தீப்புண் என்று யாரும் சொல்வதில்லை. அலகு குத்திய இடம் வீங்கினால் விபூதி வைப்போம். சொல்லக் கூடாது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது சாமிக்குக் கொடுத்தது. கொடுத்ததைப் பற்றி டாக்டரிடம் பேச என்ன இருக்கிறது? கிளினிக்கில் அவர் கேட்டபோது அந்தத் தூண் என் நினைவுக்கே வரவில்லை. கோமளாவுக்கும் வரவில்லை. அவள் கண்ணால் பார்த்தவள்.

டாக்டரம்மா எழுந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். திறந்து பார்த்தால் வலது கை வைத்த இடத்தில் இருந்தது. இடது கை தொடைக்கு இறங்கியிருந்தது. நான் இறக்கவில்லை. என் கை எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அதுவரை எனக்குப் பயம் இல்லை.

"அந்த மஞ்சப் பூ மாத்திரை குடுங்க, போய்க்கிறேன்" என்றேன்.

"தர மாட்டேன். இது என் மாத்திரைக்கான வேலை இல்ல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி, தலைக்கு ஸ்கேன். நாளைக்குன்னு சொல்லாதீங்க."

ஆட்டோவை அவரே கூப்பிட்டார். படியில் இன்னும் தண்ணீர் இருந்தது. வெள்ளைக்கார அம்மா என் ஒரு பக்கத்துத் தோளைப் பிடித்து இறக்கினார். தொட்டதை நான் தள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு வெளியே காத்திருந்தோம். பெஞ்சு முழுக்கத் தலையில் கட்டுப் போட்டவர்கள், கட்டுப் போட்டவர்களின் சொந்தக்காரர்கள். கட்டு இல்லாமல் போனவன் நான் ஒருவன்தான். ஸ்கேன் என்பது வளையத்துக்குள் தலையை விட்டுப் படம் பிடிப்பது. வலிக்காது. அசையக் கூடாது, அவ்வளவுதான். அசையாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

அறுவை டாக்டர் வயதில் சின்னவர். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மண்டையோட்டுக்கு உள்ளே வலது பக்க ஓரமாகப் பிறை மாதிரி ஒரு பட்டை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மூளைக்கு மேல் உறை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கி இடம் விடும். தலை மோதினால் அந்தக் குழாய்களில் ஒன்று கிழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். அன்றைக்கே தெரியாது. வாரக்கணக்கில் சேர்ந்து மூளையைப் பக்கத்தில் தள்ளும்போதுதான் தெரியும். வலது பக்கம் சேர்ந்தால் இடது கையும் காலும் போகும். விட்டால் நினைவு போகும், பிறகு மூச்சு.

"நல்ல நேரத்துல வந்தீங்க. யார் அனுப்பினது?"

"பூ டாக்டரம்மா" என்றாள் கோமளா. முழுக் கதையையும் சொன்னாள். சாமந்தி, சூரியகாந்தி, மெத்தை எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "பூவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. விட்டுடாம கேள்வி கேட்டிருக்காங்க. அதான் விஷயம்."

அது பற்றி இன்றைக்கும் யோசிக்கிறேன். பூ இல்லை, கேள்விதான் என்றால், பூ இல்லாமல் அந்த அம்மாவுக்கு அந்தக் கேள்வி வந்திருக்குமா? தெரியவில்லை.

தலையை மழித்தார்கள். "சாமிக்கு முடியும் சேத்து வேண்டியிருந்தா இந்தச் செலவு மிச்சம்" என்றாள் கோமளா. சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்யாவுக்குச் சொல்லாதே என்றேன். பச்சை உடம்பு. அவளுக்காக உருண்டு இப்படி ஆனது என்று தெரிந்தால் அவளுக்குத் தாய்ப்பால் நின்றுவிடும் என்று எனக்குப் பயம். என் தலையைப் பற்றிய பயத்தைவிட அதுதான் ஜாஸ்தி.

மயக்கம் கொடுக்கவில்லை. ஓட்டை போடும் இடத்தை மட்டும் ஊசியால் மரத்துப்போக வைத்தார்கள். எனக்கு எல்லாம் கேட்டது. போர் போடும் வண்டி தெருவில் நின்று பாறையில் இறங்குவது மாதிரி சத்தம், ஆனால் தெரு என் தலை. பிறகு சத்தம் நின்றது. காதோரம் சூடாக ஏதோ இறங்கியது. பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கருப்பாக வந்தது என்று பிறகு சொன்னார்கள். படுத்திருந்தபோதே இடது கட்டை விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி அசைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டாக்டர், "போதும்யா" என்றார்.

வார்டில் என் தலையிலிருந்து ஒரு குழாய் கீழே பைக்குள் போனது. மீதி கசிவு இறங்குவதற்கு. தலையணை வைக்கக் கூடாது, மட்டமாகப் படுக்க வேண்டும். மட்டமாகப் படுத்தால் மேல் கூரையும் பக்கத்து ஆளும்தான் தெரியும். பக்கத்து ஆள் வேங்கிக்கால்காரர், ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர். நாள் பூரா ஒரே குறை.

"என் கட்டிலுக்கு ஃபேன் காத்து வரல. டாக்டர் உன்கிட்ட ஜாஸ்தி நேரம் நிக்கறாரு, என்னப் பாத்ததும் ஓடறாரு. என் தம்பி பையன் கல்யாணத்துக்குகூட எனக்குக் கடைசி வரிசைதான், தெரியுமா?"

டாக்டரம்மா ஒரு சாயந்திரம் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார், மருந்து எதுவும் இல்லை. வேங்கிக்கால்காரரைப் பற்றி டாக்டரம்மா காதில் சொன்னேன்.

"இவரு இன்னா பூங்க?"

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "கூட்டத்துல தனக்கு எடம் இல்லன்னு ஏங்கறது, தன்னை வெளிய தள்ளிட்டாங்கன்னு நெனக்கறது. பழைய கணக்குல அது அல்லிப்பூ மாதிரி இருக்கற லில்லிக் குடும்பம். வெங்காயம்கூட அதுலதான்."

கோமளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் பெயர் வெங்காயம். பாவம், நல்ல மனிதர். அவர் சத்தம் போட்டதால்தான் எங்கள் பக்கத்து ஃபேனைச் சரி செய்தார்கள்.

"இது நெஜமாங்க?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "மனுஷன் பூ குடும்பத்துல பொறக்கறானா?"

"பொறக்கறதில்ல. பூவ வச்சி மனுஷனப் படிக்கறோம், அவ்ளோதான். படிச்சது தப்பாவும் போகும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்கள மாதிரி ஆளு நல்லாருக்கேன்னு சொன்னா எனக்குத் தூக்கம் வராது."

குழாயை எடுத்தார்கள். நடக்கவிட்டார்கள். செருப்பு காலிலேயே இருந்தது. வராந்தாவில் போய்த் திரும்பி வந்து காலைக் குனிந்து பார்ப்பேன், இருக்கும். இன்னொரு தடவை போவேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிறை மறுபடி சேர்ந்தது. சிலருக்கு அப்படிச் சேருமாம். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள், அதே ஓட்டையைத் திறந்தார்கள். முதல் தடவை மாதிரிதான், எழுத ஒன்றும் இல்லை. நேரத்துக்குத் திறந்ததால் பிழைத்தேன். வீட்டுக்குப் போயிருந்தால் அடி அண்ணாமலையிலிருந்து திரும்பி வந்திருக்க முடியாது என்றார் அறுவை டாக்டர். எனக்கு எழுத வேண்டியிருப்பது அதற்கு முன் நடந்தது.

மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை எழும்போது தலைக்குள் அழுத்தம் இருந்தது. பழைய இடம் இல்லை, முழுத் தலையும். இட்லியைப் பார்த்தால் குமட்டியது. கோமளாவுக்குத் தெரியாமல் வேங்கிக்கால்காரர் தட்டில் வைத்துவிட்டேன். ஒருத்தர் தனக்குத் தனியாகக் கொடுத்தாரே என்று அவர் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். அறுவை டாக்டர் வந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன்."

கையை நீட்டச் சொன்னார். இரண்டும் நின்றது. அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

படுத்துக்கொண்டு அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னது? தலை வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். வாய் வேறு சொல்கிறது. யோசித்துச் சொல்லவில்லை, கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்டது. என் இடது கை எனக்குத் தெரியாமல் இறங்கினது மாதிரி. அதைக் கையை நீட்டச் சொல்லிக் கண்டுபிடித்தார்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பார்வையாளர் நேரத்தில் சத்யா வந்துவிட்டாள். கோமளா சொல்லியிருக்கிறாள். கைக்குழந்தையை வார்டுக்குள் விடவில்லை, மாப்பிள்ளை வெளியே வைத்துக்கொண்டு நின்றார். சத்யா என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள்.

"எனக்காக உருண்டியாப்பா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"சும்மா யாராவது உருளுவாங்களா?"

"உங்க அப்பா உருளுவாரு" என்றாள் கோமளா. "நாளைக்கு வூட்டுக்குப் போறோம். கொழந்தைக்குப் பேரு வெக்கணும்ல, அதுக்குள்ள ஒரு முழம் முடி வளந்துடும்."

சத்யா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு வெளிச்சம் கண்ணில் குத்தியது. அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது. நான் இப்போது வாயைத் திறந்தால் அவள் சிரிப்பு போய்விடும். நாளை வீடு போய்விடும். திறக்காவிட்டால் என்ன போகும் என்று அந்தப் பிறைப் படத்தில் பார்த்திருந்தேன்.

சிஸ்டர் பிரஷர் மெஷினோடு வந்தார். கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"தாத்தா, தலைவலி இருக்கா?"

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் கோமளா. "காலையில டாக்டர்கிட்டகூட நல்லாருக்கேன்னு சொன்னாரு."

"அவரே சொல்லட்டும். வார்த்தை வேணாம் தாத்தா, நம்பராச் சொல்லுங்க. சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது. எவ்ளோ?"

வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை உள்ளேயே பிடித்து வைத்தேன். சிஸ்டர் காத்திருந்தார். சத்யா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு."